பட்டம் ஒன்று, வேலை வேறு: விசா மனுவில் எப்படிச் சொல்வது?

சிலிம் ரிவர்க்காரர் ஒருவர், பக்கத்துத் தஞ்சோங் மாலிமில் ஆசிரியர் பட்டம் வாங்கிவிட்டு, சில ஆண்டுகளாகக் கோலாலம்பூரில் மென்பொருள் சோதிக்கும் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டு வேலை கிடைத்ததும் "படிச்சது என்ன, பார்க்கிறது என்ன?" என்ற கேள்வி முதலில் வீட்டிலேயே வரும்.

சிங்கப்பூர் இதில் கொஞ்சம் தாராளம். எம்பிளாய்மெண்ட் பாஸ் கேட்டு வரும் புது மனுக்களை 2023 செப்டம்பர் முதல் 'காம்பஸ்' புள்ளி முறையில் எடைபோடுகிறார்கள். பெரும்பாலோருக்கு 40 புள்ளி தேவை. பட்டத்துக்கு 10 அல்லது 20 புள்ளி உண்டு, எந்தப் பாடம் என்பதற்குத் தனிப் புள்ளி இல்லை. பட்டத்தைக் காட்டாவிட்டால் அந்தப் பிரிவில் பூஜ்ஜியம்தான். சம்பளம் போன்ற மற்றப் பிரிவுகளில் 40 தேறினால் சரி.

அமெரிக்காவின் ஹெச்-1பி வேலை விசா அப்படியல்ல. படிப்புக்கும் வேலைக்கும் நேரடித் தொடர்பு கேட்பார்கள். அங்கே கைகொடுப்பது அனுபவம்: துறை சார்ந்த 3 ஆண்டு வேலையை 1 ஆண்டு கல்லூரிப் படிப்புக்கு ஈடாகக் கணக்கிட விதி இடம் தருகிறது. வெறும் ஆண்டுக்கணக்கு போதாது. வேலையின் தரத்துக்கும் சான்று வேண்டும்.

முதலாளி தரும் கடிதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "நல்ல ஊழியர்" என்ற பாராட்டால் பயனில்லை. எந்தத் தேதியிலிருந்து, என்ன பொறுப்பு, எந்த மென்பொருள், யார் மேற்பார்வை என்று எழுதி வாங்க வேண்டும். மதிப்பெண் பட்டியலில் புள்ளியியலோ கணினியோ இருந்தால் அந்த வரியைச் சுட்டிக்காட்டலாம். கடிதத் தேதிகள் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கையோடு ஒத்துப்போகின்றனவா என்பதையும் அனுப்புமுன் பார்த்துவிடுவது நல்லது.