திராட்சைப் பந்தலில் ஈரம் அறியும் மென்படலம்

தறிக்குழியில் கால் இறக்கி அமரும் நெசவாள அன்பர்களுக்கும், பந்தலின் கீழ்த் தலைகுனிந்து நடக்கும் திராட்சைத் தோட்டக்காரர்களுக்கும் பொதுவான கவலை ஒன்று உண்டு. அது காற்றிலுள்ள ஈரம். ஈரம் குறைந்தால் பாவு நூல் அறுந்துகொண்டே இருக்கும். ஈரம் மிகுந்து நின்றால் திராட்சை இலையின் அடிப்புறத்தில் வெண்பூசணம் பூக்கும். ஆண்டிபட்டிப் பக்கத்துச் சக்கம்பட்டியிலும் சுப்புலாபுரத்திலும் முதலாவது கவலை. கம்பம், காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி ஊர்களில் இரண்டாவது. இவ்வீரத்தை அளந்து, தோட்டத்திலிருந்து வீட்டிற்குச் செய்தி அனுப்பும் கருவிகள் இந்நாளில் பள்ளத்தாக்கிற்கும் வரத் தொடங்கியிருப்பதால், அவை எவ்வாறு வேலை செய்கின்றன என்பதையே இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

நெசவாளர்கள் அறிந்த ஓர் உண்மையிலிருந்து தொடங்குவோம். பருத்தி நூல் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். நன்கு உலர்ந்த பருத்தி 100 கிலோ இருந்தால், அதன்மேல் 8.5 கிலோ ஈரம் சேர்ந்திருப்பதே முறை என்று வாணிபத்தில் கணக்கிடுகிறார்கள். நூல் மட்டுமன்று, தலைமயிரும் அப்படித்தான். ஈரக் காற்றில் சிறிது நீளும், வறண்ட காற்றில் சுருங்கும். ஜினீவாவைச் சேர்ந்த சொசூர் என்னும் அறிஞர் 1783-இல் இதைக் கொண்டே ஈரமானி ஒன்றைப் பற்றி எழுதினார். மயிரிழையின் நுனியில் முள்ளைக் கட்டினால், இழை நீள நீள முள் நகரும். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் உலகெங்கும் இம்முறை வழக்கில் இருந்தது. ஆனால் மயிர் மெதுவாகவே ஈரத்தை ஏற்கும், பழையதானால் பிசகும்.

பலூனில் கட்டி வானத்திற்கு அனுப்பி, ரேடியோ மூலம் அளவைக் கீழே பெறும் கருவியை 1930-இல் ருஷ்ய விஞ்ஞானி மல்ச்சானவ் பறக்கவிட்டார். அளப்பது ஓரிடம், படிப்பது வேறிடம் என்னும் முறைக்கு அது சிறந்த முன்மாதிரி. விரைந்து மேலே செல்லும் பலூனுக்கு மந்தமான மயிரிழை போதவில்லை. பின்லாந்து நாட்டின் வைசாலா நிறுவனம் 1973-இல் மென்படல ஈர உணரியை வெளிக்கொணர்ந்தது. இன்று நம் தோட்டத்துக் கம்பத்தில் தொங்கும் சிறு வெண்கூட்டிற்குள் இருப்பது அதன் வழிவந்ததே.

மென்படலம் என்றால் எவ்வளவு மெல்லியது? எண்பதாம் நம்பர் நூலின் பருமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஈர உணரியின் பிளாஸ்டிக் படலம் அதிலும் இருபதில், முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். பாவுக்குக் கஞ்சி தோய்ப்பதுபோல, ஒரு சிறு கண்ணாடித் தகட்டின்மேல் முதலில் உலோகப் பூச்சு, அதன்மேல் இப்பிளாஸ்டிக், அதற்கும் மேலே நீராவி நுழையக்கூடிய நுண்துளை உலோகப் பூச்சு என்று அடுக்கடுக்காகப் படிய வைக்கிறார்கள். இரண்டு உலோகப் பூச்சுகளும் சேர்ந்து ஒரு மின்தேக்கி ஆகின்றன. மின்சாரத்தைத் தேக்க உதவும் ஆற்றல், வெற்றிடத்தை ஒன்று என வைத்தால், இத்தகைய பிளாஸ்டிக்கிற்கு மூன்று அளவு; நீருக்கோ எண்பது. ஆகவே படலம் சிறிது ஈரம் குடித்தாலும் தேக்கும் அளவு தெளிவாக உயரும். அந்த உயர்வை அளந்து, காற்றின் ஈரப்பதம் இத்தனை விழுக்காடு என்று கருவி சொல்கிறது. படலம் மெல்லியதாக இருப்பதன் பயன், ஈரம் நொடிகளில் உள்ளே சென்று நொடிகளில் வெளியேறுவது. தடித்த மரக்கட்டை மழையில் நனைந்தால் உலர நாட்கணக்காவதை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

வெப்பத்தை அளக்க பிளாட்டினப் படலம் உள்ளது. பூஜ்யம் பாகையில் அதன் மின்தடை 100 ஓம். ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.385 ஓம் கூடும். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. இலை நனைந்திருக்கிறதா என்பதை அறிய, இலை வடிவான ஒரு தட்டைப் பந்தலுக்குள் சாய்த்துக் கட்டுகிறார்கள். தட்டின் மேலுள்ள மெல்லிய உலோகக் கோடுகள் இரண்டு சீப்புகளின் பற்கள்போல் ஒன்றினுள் ஒன்று கோத்து, ஆனால் தொடாமல் நிற்கும். பனித்துளி படிந்தால் அவற்றிடையே மின்சாரம் செல்லும், உலர்ந்தால் நின்றுவிடும்.

இனி இது தோட்டக்காரருக்கு எவ்வாறு உதவும் என்று பார்ப்போம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் பெரும் பகை அடிச்சாம்பல் நோய். அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்குச் சென்று 1878-இல் அங்குத் தோன்றிய பூசணம் இது. இரவில் ஈரப்பதம் 95 விழுக்காட்டைக் கடந்து நான்கு மணி நேரம் இருளும் நீடித்தால், பழைய புள்ளிகளில் வித்துக்கள் விளையும். அவ்வித்துக்கள் நனைந்த இலையில் விழுந்து, வெப்பமும் இதமாக 20 முதல் 25 பாகை வரை இருந்தால், இரண்டு மூன்று மணி நேரத்தில் உள்ளே நுழைந்துவிடும். ஆனால் கண்ணுக்கு எண்ணெய்ப் புள்ளி தெரிய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். கண்ணை மட்டும் நம்புகிறவர் ஒரு வாரம் பிந்திவிடுகிறார். அல்லது அந்த அச்சத்தால், நோய் வர இடமில்லாத வறண்ட நாட்களிலும் மருந்தடித்துப் பணத்தை இழக்கிறார். நேற்றிரவு இலை எத்தனை மணி நேரம் நனைந்திருந்தது என்ற எண் இந்த ஒரு வாரத்தை நமக்கு மீட்டுத் தருகிறது. போர்டோக் கலவை போன்றவை நோய் நுழையுமுன் இலைமேல் இருந்தால்தான் காக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கருவி நடந்ததைச் சொல்லும். நாளை நடப்பதற்கு வானிலை அறிவிப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சாம்பல் நோய்க்கு இக்கணக்கு பொருந்தாது. அதற்கு இலை நனைய வேண்டிய அவசியமே இல்லை.

கம்பத்தில் நின்ற கருவி, வீட்டுக் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் வழி எளிது. சூரியத் தகடு மின்கலத்தை நிரப்புகிறது. குறித்த நேரத்திற்கு ஒருமுறை அளவுகள் பெட்டியில் பதிவாகின்றன. பெட்டியிலுள்ள சிம் அட்டை அவற்றை இணையத்தின் வழியே ஒரு தொலைக் கணிப்பொறிக்கு அனுப்புகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வட்டார அளவில் நிறுவியுள்ள தானியங்கி வானிலை நிலையங்களும் இம்முறையிலேயே செய்தி தருகின்றன. அப்படியிருக்க, நமக்கென்று தனியாக ஏன் என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வட்டார நிலையம் திறந்த வெளியில் நிற்கிறது. நம் நோயோ பந்தலின் நிழலில், காற்றுப் புகாத இலைகளுக்கிடையே பிறக்கிறது. மேலும், மலையடிவாரத்துக் கூடலூரில் சாரல் வீசும் நாளில் சின்னமனூரில் வெயில் காய்வதை நாம் பார்க்கிறோம். அதற்கும் மேலாக, இங்கு ஆளுக்கொரு காலத்தில் கவாத்து செய்து ஆண்டு முழுவதும் பழம் பறிக்கிறோம். ஒரே இரவின் ஈரம், கவாத்து முடிந்து தளிர்விட்ட தோட்டத்திற்கு ஆபத்து. பழம் பறித்து முடிந்த அடுத்த தோட்டத்திற்கு அத்துணை ஆபத்தில்லை. எண்ணை வாங்கிக்கொண்டு, பொருளைத் தோட்டக்காரரே காண வேண்டும்.

நான்கைந்து தோட்டங்கள் சேர்ந்து ஒரு கருவி வாங்கினால் செலவு தாங்கும் என்பது நம் கருத்து. ஆனால் வாங்குமுன், பதிவான எண்கள் யாருக்கு உரியவை, சந்தா நின்றால் பழைய கணக்கு கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்வது நலம். சங்கத்துப் பேரேட்டைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு வருவோமா?

கருவி பொய் சொல்லும் சந்தர்ப்பமும் உண்டு. நாம் தூவும் கந்தகமும் செம்பு மருந்தும் வெண்கூட்டில் படிந்தால் மென்படலம் நாளடைவில் பிசகும். இலைத்தட்டில் படிந்தால் உலர்ந்த வேளையிலும் நனைந்ததாகக் காட்டக்கூடும். ஆகவே மருந்தடிக்கும்போது இரண்டையும் பிளாஸ்டிக் பையால் மூடி, முடிந்தவுடன் மறவாமல் பையை எடுத்துவிட வேண்டும். தட்டை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரும் மென்துணியும் கொண்டு துடைக்கலாம். மென்படலத்தை மட்டும் விரலால் தொடலாகாது.

ஈர உணரி சரியாக உள்ளதா என்று பார்க்கச் சமையலறை உப்பே போதும். அகன்ற வாயுள்ள ஒரு புட்டியில் கல்லுப்பைப் போட்டு, அது முழுதும் கரைந்துவிடாமல் சேறுபோல் ஆகும்படி சிறிது தண்ணீர் விடவும். உணரியை உப்பில் படாமல் மேலே தொங்கவிட்டு, வாயைக் காற்றுப் புகாமல் அடைத்து, வெயில் படாத அறையில் ஓர் இரவு வைக்கவும். உப்புச் சேற்றின் மேலுள்ள காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காடாகவே நிற்கும். இது இயற்கையின் நியதி. கருவி 72-க்கும் 78-க்கும் இடையே காட்டினால் நம்பலாம். அதற்கு வெளியே காட்டினால், தேதியிட்டு எழுதிவைத்து, மறுநாளும் ஒருமுறை சோதித்து, பிறகு விற்றவரிடம் திருத்தித் தரும்படி அனுப்பவும். தறிக்கூடத்தில் ஈரமானி மாட்டியுள்ள அன்பர்களும் இச்சோதனையைச் செய்யலாம். பருத்தி நெசவுக்கு வேண்டிய 75 முதல் 85 விழுக்காட்டு எல்லைக்குள்ளேயே இந்த உப்பின் எண்ணும் விழுகிறது.