கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு

இரவில் நம்மைக் கடந்து செல்லும் ரயிலின் கடைசிப் பெட்டியில் சிவப்பு விளக்கொன்று மின்னுவதை நாம் கண்டிருக்கிறோம். அது அழகுக்காக வைக்கப்பட்டதன்று. “ரயில் முழுமையாக வந்துவிட்டது, எந்தப் பெட்டியும் கழன்று பின்தங்கவில்லை” என்பதே அது கூறும் செய்தி. அதனாலேயே ரயில் கடக்கும்போது நிலைய ஊழியர் அதைக் கூர்ந்து கவனிக்கிறார்.

ஆகவே மாதிரி ரயில் செய்யும்போதும் நாம் இவ்விளக்கை மறக்கலாகாது. எச்.ஓ. என்னும் அளவில், மாதிரி உண்மை ரயிலில் 87இல் ஒரு பங்கு. 13 செ.மீ. அகலமுள்ள விளக்குக் கண்ணாடி அதில் 1.5 மி.மீ. ஆகிவிடும்! இவ்வளவு சிறிய லென்ஸை எவ்வாறு செய்வது?

விளக்கின் இடத்தில் சிறு துளையிட்டு, நிறமற்ற எபாக்சி பசையில் ஒரு துளியை ஊசிமுனையால் வைக்க வேண்டும். பரப்பு இழுவிசையால் துளி குவிந்து நின்று, அப்படியே இறுகிக் குவிலென்ஸ் போலாகும். பின்னர் ஒளி ஊடுருவும் சிவப்புக் கண்ணாடி வண்ணத்தை அதன்மேல் மெல்லப் பூச வேண்டும். சாதாரண வண்ணம் ஒளியை மறைத்துவிடும். துளைக்குப் பின்னால் சிறிய எல்.இ.டி. விளக்கைப் பொருத்தினால் லென்ஸ் ஒளிரும். விளக்கு எரியாதபோதும் அதன் குவிந்த பரப்பு அறையின் வெளிச்சத்தில் பளபளக்கும்.

கடைசியில் நிற்பவருக்கும் பெரும் பொறுப்புண்டு என்பதை இச்சிறு விளக்கு நமக்குக் கற்பிக்கின்றதன்றோ!