களத்து நெல்லுக்கு இரவுக் காவல்

நீடாமங்கலம் வட்டாரத்தில் அறுவடைக் காலத்தில், கொள்முதலுக்குக் காத்திருக்கும் நெல் இரவிலும் களத்திலேயே கிடப்பதுண்டு. அதற்குக் காவலாகக் கேமரா வைப்போர் கவனிக்க வேண்டியவை:

வெளிச்சம் குறைந்தால் கேமரா தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்ளும். படத்தில் புள்ளிகள் மொய்க்கும். அவற்றையும் அசைவாகவே கருவி கணக்கிடுவதால் டேட்டா வீணாகும். நொடிக்கு 4 மெகாபிட் வீதம் அனுப்பினால் மணிக்கு 1.8 ஜிகாபைட் செலவு. 1 மெகாபிட் எனில் 0.45 மட்டுமே.

1. அகச்சிவப்பு விளக்கைக் கேமராவிலிருந்து சில அடி தள்ளிப் பொருத்தவும். பூச்சிகள் கண்ணாடியை மொய்க்கா.

2. உணர்திறனுக்கு உச்சவரம்பு வைக்கவும்.

3. நொடிக்கு 25 படம் வேண்டாம், 10 போதும்.

4. எச்.265 பதிவுமுறை இருந்தால் அதையே தேர்ந்தெடுக்கவும்.

5. புள்ளி நீக்கும் வசதியை நடுத்தரமாக வைக்கவும். மிகுந்தால் நடமாடும் ஆளின் உருவம் குழையும்.

முதல் மருந்து வெளிச்சமே. மூட்டை போனபின் முகம் தெரியாத படத்தால் பயனில்லை.