பெயரைப் பார்க்காதீர்கள், பாடத்திட்டத்தைப் பாருங்கள்

கேள்வி: மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ கணிதப் பிரிவில் தேறியிருக்கிறாள். கம்ப்யூட்டர் படிக்க ஆசைப்படுகிறாள். பி.இ., பி.டெக் ஐ.டி., பி.எஸ்சி., பி.சி.ஏ. இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?
- ஒரு தாய், திருவாரூர்

பதில்: பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காமல் ஐ.டி. கிடைத்தால் கண்கலங்க வேண்டாம், அம்மா. டேட்டா ஸ்ட்ரக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க் என அடித்தளப் பாடங்கள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஏ.ஐ., டேட்டா சயின்ஸ் என்று புதுப்பெயர் சூட்டிய படிப்புகளில்தான் கவனம் தேவை. இந்த அடித்தளமும் கணிதமும் அவற்றில் குறைந்திருந்தால், பெயர் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத்தேர்வு கிடையாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃப்தான். அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்புவரை படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் உண்டு.

நான்கு ஆண்டுச் செலவு கட்டுப்படியாகாது என்றால், அரசு கலைக் கல்லூரியில் மூன்றாண்டு பி.எஸ்சி. படித்துவிட்டு, இரண்டாண்டு எம்.சி.ஏ. முடிக்கலாம். அதைக் குறைவான வழி என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். பி.சி.ஏ. மென்பொருள் பயன்பாட்டுப் பக்கம் சாய்ந்தது. கணிதத்தில் ஆர்வமுள்ள பெண்ணுக்கு பி.எஸ்சி.யே என் பரிந்துரை.

எந்தப் படிப்பானாலும் விருப்பப் பட்டியலைப் பதிவு செய்யும் முன், பல்கலைக்கழக இணையதளத்தில் பாடத்திட்டத்தை மகளோடு உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.