கப்பல் ஏறுமுன் பெர்கனில் ஒரு பகல்

பயணம்: கேள்வி – பதில்

கேள்வி: வரும் ஜூனில் ஓஸ்லோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து நானும் கணவரும் ரயிலில் பெர்கன் போய், மறுநாள் இரவு எட்டரை மணிக் கப்பலில் வட நார்வேக்குக் கிளம்புகிறோம். நடுவில் ஒரு முழுப் பகல் கையில் இருக்கிறது. கணவருக்கு முழங்கால் வலி. பெரிய சூட்கேஸ் இரண்டு. அந்தப் பகலில் ஒரு ஃபியோர்டு சுற்றுலாவும் போய்வந்துவிடலாம் என்கிறாள் மகள். முடியுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முடியும். ஆனால் கப்பல் ஏறும் நாளில் அதைச் செய்யக் கூடாது.

ரயில், படகு, பேருந்து என்று மாறி மாறி ஏறி, ஃபியோர்டைப் பார்த்துவிட்டு பெர்கனுக்கே திரும்பும் ஒருநாள் சுற்று பிரபலமானதுதான். காலையில் போனால் மாலை வரை இழுக்கும். இடையில் ஒரு வண்டி தவறினாலும் அன்றைய கணக்கு முழுவதும் சரிந்துவிடும். கப்பலோ யாருக்காகவும் நிற்காது. நார்வேயின் கடலோரக் கப்பல், பார்ப்பதற்கு உல்லாசக் கப்பல் போலிருந்தாலும் பிறப்பால் தபால் வண்டி. 1893-ல் கேப்டன் ரிச்சர்ட் வித், ‘வெஸ்டரோலன்’ என்ற நீராவிக் கப்பலில் ட்ரோன்ஹெய்முக்கும் ஹாமர்ஃபெஸ்டுக்கும் இடையே தொடங்கிய சேவை அது. 1898-ல் பெர்கன் வரை நீண்டது. இன்று 34 துறைமுகங்களைத் தொட்டு, ரஷ்ய எல்லைக்கு அருகே உள்ள கிர்கெனெஸ் வரை போய்த் திரும்ப 12 நாள். ஹுர்டிகுரூட்டன், ஹாவிலா என இரண்டு நிறுவனங்கள் இப்போது ஓட்டுகின்றன. சரக்கும் உள்ளூர்ப் பயணிகளும் அடுத்தடுத்த துறையில் காத்திருக்கும்போது, பெர்கனில் இரண்டு பேர் வரவில்லை என்று மாலுமி கடிகாரத்தைத் திருப்பி வைக்க மாட்டார். தவிர, கோடையில் இதே கப்பல் கெய்ராங்கர் ஃபியோர்டுக்குள் போகிறது. பயணச் சீட்டிலேயே அடங்கியிருப்பதை முதல் நாளே தனிக் காசு கொடுத்துப் பார்ப்பானேன்?

முந்தைய நாளே போய்ச் சேரும் முடிவு அருமையானது. ஓஸ்லோ – பெர்கன் ரயில் பாதை 1909-ல் திறக்கப்பட்டது. வழியில் ஃபின்சே நிலையம் 1,222 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூனிலும் ஜன்னலுக்கு வெளியே பனித்திட்டுகளைப் பார்க்கலாம். ஆறரை, ஏழு மணி நேரம் ஓடி, பெர்கன் நகர மையத்தை ஒட்டியே இறக்கிவிடும்.

சூட்கேஸை ஓட்டலிலேயே விட்டுவிடலாம். அறையைக் காலி செய்த பிறகும் மாலை வரை வைத்திருந்து தருவது வழக்கம். இல்லாவிட்டால் ரயில் நிலையத்தில் லாக்கர் உண்டு. டிக்கெட்டில் கப்பல் துறையின் பெயரைச் சரிபார்ப்பது அதைவிட முக்கியம். பெர்கனில் துறை ஒன்றல்ல. பெரிய உல்லாசக் கப்பல்கள் பலவும் பழைய கோட்டைக்கு அப்பால் ஸ்கோல்டனில் நிற்கும். கடலோரக் கப்பல் புறப்படுவதோ நகரத்தின் எதிர்ப்பக்கம், நோஸ்டெட் பகுதியில். ஊரே அண்ணாந்து பார்க்கும் ராட்சதக் கப்பலை நம் கப்பல் என்று நினைத்துப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனால், திரும்ப டாக்சிதான்.

இனி அந்தப் பகலுக்கு வருவோம். காலையில் முதல் வேலை ஃப்ளோயன் மலை. மீன் சந்தையிலிருந்து சில நிமிட நடையில் அடிவார நிலையம். பழனியில் விஞ்ச் ஏறியவர்களுக்கு இந்த ரயில் புரிந்துவிடும்: ஒரே கம்பிவடத்தில் இரண்டு பெட்டிகள், ஒன்று இறங்க மற்றொன்று ஏறும். 1918 முதல் ஓடுகிறது. 320 மீட்டர் உயரத்துக்கு ஏற பத்து நிமிடம்கூட ஆகாது. மேலே போனால் துறைமுகம், சிவப்பு ஓட்டுக் கூரைகள், தீவுகள், அவற்றுக்கு அப்பால் கடல், எல்லாம் ஒரே பார்வையில் அடங்கும். கோடையில் மலைமேல் ஆடுகள் இஷ்டத்துக்குத் திரிகின்றன. பயணிகளை அவை மதிப்பதே இல்லை. சற்று உள்ளே நடந்தால் ஸ்கோமாகர்டீகெட் என்ற சிறு ஏரி. பாதை சீரானது, முழங்காலைப் படுத்தாது. பலர் ரயிலில் ஏறி நடந்து இறங்குகிறார்கள். வளைந்து வளைந்து முக்கால் மணி நேர இறக்கம் அது. வலியுள்ள காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எதிரி என்பதால், போகவர இரண்டுக்கும் சீட்டு எடுப்பதே சரி.

காலை என்று அழுத்திச் சொல்லக் காரணம் வரிசை. பெரிய கப்பல்கள் வந்து நிற்கும் நாளில் பத்து மணிக்கு மேல் நிலைய வாசலில் கூட்டம் தெருவுக்கு வந்துவிடும். உல்லாசக் கப்பல்களில் நாளொன்றுக்கு 8,000 பயணிகளுக்கு மேல் வரக் கூடாது என்று ஊரே வரம்பு கட்டும் நிலை பெர்கனுக்கு வந்தது. துறைமுகத்தின் இணையதளத்தில் எந்தத் தேதியில் எந்தக் கப்பல் வருகிறது என்ற பட்டியல் கிடைக்கும். அதைப் பார்த்துவிட்டு நாளைத் திட்டமிடுவது புத்திசாலித்தனம்.

மலையிலிருந்து இறங்கியதும் பிரிக்கன். பெர்கனின் படம் என்று காலண்டர்களில் வரும் அந்த மர வீட்டு வரிசை இதுதான். 1979-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பெரும்பாலோர் எதிரே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். விஷயம் முன்பக்கத்தில் இல்லை, இடுக்கில் இருக்கிறது. இரண்டு வீடுகளுக்கு நடுவே நுழைந்தால் பலகை பாவிய குறுகிய சந்து. தலைக்கு மேல் இருபுறமும் மாடங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். மூட்டைகளைத் தூக்கிய கப்பிகள் தொங்கும். சுவர்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு சாய்ந்திருக்கும்.

இந்த ஊர் கருவாட்டில் கொழித்த ஊர். வடக்கே லோஃபோடென் பக்கம் பிடித்த காட் மீனை உப்பே போடாமல் குளிர்காற்றில் காயவைத்துக் கப்பலில் கொண்டுவருவார்கள். மாற்றாகத் தானியம் ஏறும். இந்த வியாபாரத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் ஜெர்மானிய ஹன்சா வணிகர்கள். சுமார் 1360-ல் இங்கே அவர்களின் அலுவலகம் அமைந்தது. 1754 வரை நீடித்தது. இங்கே தங்கிய வணிகர்களும் பயிற்சிப் பையன்களும் திருமணம் செய்துகொள்ளக் கூடாது. தீவிபத்துக்குப் பயந்து மர வீடுகளுக்குள் அடுப்பும் எரிக்கக் கூடாது. சமையலும் குளிர்காய்வதும் பின்பக்கம் தனியே கட்டிய ஷோட்ஸ்டூவனே என்ற பொதுக்கூடங்களில்தான். இத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும் 1702-ல் பெரும்பகுதி எரிந்தது. அதே அடித்தளத்தில், அதே அமைப்பில் மறுபடி கட்டியதுதான் இன்று நிற்பது.

1955-ல் மீண்டும் ஒரு தீ. அந்தத் தீயால்தான் ஒரு புதையல் கிடைத்தது. எரிந்த இடத்தைத் தோண்டிய தொல்லியலாளர்களுக்கு, ரூன் எழுத்துகள் கீறிய மரக்குச்சிகளும் எலும்புகளும் அறுநூறுக்கு மேல் கிடைத்தன. மன்னர் கட்டளை எல்லாம் அல்ல; கணக்கு, காதல், கேலி. ஒரு குச்சியில், வீட்டுக்கு வரும்படி கியூதா என்ற பெண் சொல்லியனுப்பிய சேதி இருக்கிறது. மதுக்கடையில் நேரம் மறந்த கணவனுக்கு வந்தது என்பது ஊகம். இந்த அகழ்வுக்காகவே 1976-ல் திறந்த பிரிக்கன் அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு நாளில் ஒரு அருங்காட்சியகம்தான் என்றால் இதையே தேர்ந்தெடுக்கலாம்.

இன்னொரு விஷயம். பிரிக்கனின் அடியில் நூற்றாண்டுகளாகக் குவிந்த மரமும் குப்பையும் நிலத்தடி நீரில் ஊறியிருக்கும்வரைதான் மக்காமல் இருக்கும். எரிந்த பகுதியில் பிற்காலத்தில் ஓட்டல் எழுந்தபோது வடிகால் அமைத்ததில் நீர்மட்டம் இறங்கியது. அடியில் இருந்தவை மக்கத் தொடங்கி, வீடுகள் அமிழ்ந்தன. மழைநீரை மண்ணுக்குள் திருப்பி நீர்மட்டத்தை உயர்த்தும் பணி இந்த நூற்றாண்டில் நடந்தது.

பிரிக்கனைத் தாண்டி கோட்டை வளாகம். ஹோகோன் மன்னர் கட்டிய கல்மண்டபத்தில் 1261-ல் அவர் மகன் மாக்னுஸின் திருமண விருந்து நடந்தது. 1944 ஏப்ரல் 20 அன்று ‘ஃபோர்போடே’ என்ற வெடிமருந்துக் கப்பல் துறைமுகத்திலேயே வெடித்ததில் மண்டபத்தின் கூரை போய், கற்சுவர்கள் மட்டும் மிஞ்சின. இப்போது காண்பது போருக்குப் பிறகு புதுப்பித்தது. மண்டபத்துக்குள் படிகள் உண்டு. முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் வளாகத்துப் புல்வெளியில் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

மதியத்துக்கு மேல் ட்ரோல்ஹவ்கன், அதாவது இசையமைப்பாளர் எட்வர்ட் க்ரீக் 1907-ல் மறையும்வரை வாழ்ந்த வீடு, போகலாமே என்று வழிகாட்டிப் புத்தகங்கள் ஆசை காட்டும். டிராமில் ஹோப் நிறுத்தத்தில் இறங்கி இருபது நிமிடத்துக்கு மேல் நடக்க வேண்டும். க்ரீக்கின் இசையில் பித்துள்ளவர்களுக்கு மட்டும் அது தகும். மற்றவர்கள் நோஸ்டெட்டை நோக்கி வெள்ளை மர வீடுகள் நிறைந்த சந்துகளில் மெதுவாக நடந்து, மாலையில் கப்பலுக்குப் போய்ப் பெட்டியைக் கொடுத்துவிடலாம். ஜூனில் சூரியன் மறையவே இரவு பதினொன்று ஆகும். எட்டரைக்குக் கப்பல் நகரும்போது நல்ல வெளிச்சம் இருக்கும். அந்த நேரத்தில் அறையில் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருக்காமல் மேல்தளத்தில் நிற்க வேண்டும்.

கேள்வி: அங்கே எப்போதும் மழை என்கிறார்களே?

பதில்: எப்போதும் இல்லை, அடிக்கடி. அட்லாண்டிக் காற்று ஈரத்தோடு வந்து ஊரைச் சூழ்ந்த மலைகளில் மோதி மேலேறிக் குளிர்வதால் கொட்டுகிறது. ஆண்டுக்கு 2,200 மில்லிமீட்டருக்கும் மேல். 2006 அக்டோபர் கடைசியில் தொடங்கி, 2007 ஜனவரி வரை 85 நாள் விடாமல் பெய்த கதையும் உண்டு. ஆனால் அது இலையுதிர், குளிர்காலக் கணக்கு. வசந்தமும் கோடையின் தொடக்கமும் ஒப்பீட்டளவில் பரவாயில்லை. காற்றில் குடை திரும்பிக்கொள்ளும் என்பதால் தொப்பி வைத்த மழைக்கோட்டே உதவும். நனைந்த பலகையும் கருங்கல் பாவிய தெருவும் வழுக்கும். பிடிமானமுள்ள ஷூ அவசியம். மழை வலுத்தால் ஏரிக்கரையிலுள்ள கோடே அருங்காட்சியகம் இருக்கிறது. ராஸ்முஸ் மேயர் சேகரித்த எட்வர்ட் முங்க் ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. 1892-ல் வரைந்த ‘கார்ல் யோஹான் தெருவில் மாலை’ அதில் ஒன்று.

கேள்வி: நான் சைவம், கணவர் மீன் சாப்பிடுவார். எங்கே சாப்பிடுவது?

பதில்: கணவருக்குக் கவலையில்லை. பாலேடு சேர்த்து லேசான புளிப்போடு வரும் பெர்கன் மீன் சூப் எங்கும் கிடைக்கும். மீன் சந்தை பார்க்க அழகு, விலை பயணிகளுக்கான விலை. அங்கே திமிங்கல இறைச்சியும் விற்கிறார்கள்; ‘வால்’ என்று பலகையில் எழுதியிருப்பது அதுதான். வாசகிக்கு பேக்கரிதான் துணை. ஷில்லிங்ஸ்போலே என்ற பட்டை மணக்கும் சுருள் பன் பெர்கனின் சொந்தச் சரக்கு. ரெமா 1000, கிவி போன்ற கடைகளில் தயிர், ரொட்டி, பழம் வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே வாங்கிவிடுவது நல்லது. குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். பாட்டில் வாங்குவது காசுக்குப் பிடித்த கேடு.

கேள்வி: அந்தப் பக்கம் தமிழர்கள் இருக்கிறார்களா?

பதில்: தாராளமாக. இந்தக் கப்பல் போகும் வடகோடி ஃபின்மார்க்கின் மீன்பதனத் தொழிற்சாலைகளில் 1980-களிலிருந்தே ஈழத்தமிழர்கள் வேலை செய்திருக்கிறார்கள். பலர் பின்னர் ஓஸ்லோ, பெர்கன் என்று தெற்கே வந்தனர். அவர்களுக்கெல்லாம் முன்னோடி 1956-ல் நார்வே போய்ச் சேர்ந்த அந்தோணி இராஜேந்திரம். யாழ்ப்பாணத்தில் மீனவர்களுக்காக ‘சீ-நோர்’ நிறுவனத்தைத் தொடங்கியவர் அவரே.

கேள்வி: விசா?

பதில்: நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கன் பகுதியில் உண்டு. பெர்கன் – கிர்கெனெஸ் கப்பல் நார்வே கரையை விட்டு விலகாததால் ஒருமுறை நுழையும் ஷெங்கன் விசா போதும். ஸ்வால்பார்டு ஷெங்கனுக்கு வெளியே இருக்கிறது. அங்கே போய்த் திரும்பும் எண்ணம் இருந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட முறை நுழைய அனுமதிக்கும் விசா கேட்க வேண்டும். ஷெட்லாந்து வழியாகப் போகும் கப்பல் என்றால் பிரிட்டன் விசா தனி. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கோடை நெருங்க நெருங்க நேர்காணல் தேதி கிடைப்பது கடினமாகும். ஜூன் பயணத்துக்குப் பிப்ரவரியிலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.