வாலிபர்களின் மார்பு பருத்தலும் ரணசிகிச்சையும்



என் கூட்டாளி ஒருவர் குடும்பத்தோடு உம்ராவுக்குப் போக ஏற்பாடு செய்தார். மூத்த மகன் மட்டும் வர மறுத்துவிட்டான். இருபது வயது வாலிபன், தொழுகையில் குறைவில்லாதவன். முதலில் பரீட்சை என்றான். பிறகு கடையை யார் பார்ப்பது என்றான். தகப்பனாருக்கு மிகுந்த மனவருத்தம். கடைசியில் தாயாரிடம்தான் அழுதுகொண்டு சொன்னானாம்: "தவாபு செய்யும்போது வலது தோளைத் திறந்து போட வேண்டுமே. அத்தனை ஜனங்களுக்கு முன்னால் இந்த மார்போடு எப்படி நிற்பேன்?"

ரவாங் வெயிலில் அந்தப் பிள்ளை இரண்டு பனியன் போட்டு அதன்மேல் சட்டை போடுவதை நாங்கள் பல வருஷமாகப் பார்த்து வந்தோம். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. "சோற்றைக் கொஞ்சம் குறையப்பா" என்று கேலி பேசியவர்களில் நானும் ஒருவன். அந்த வெட்கத்தினால்தான் இந்த விஷயத்தை விசாரித்தேன். நான் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் ஓதியவன், வைத்தியன் அல்ல. டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை நம் வியாபாரச் சகோதரர்களுக்குச் சொல்கிறேன்.

ஆணுக்கும் மார்புக்காம்பின் அடியில் சிறிதளவு பால்சுரப்பித் தசை உண்டு. உடம்பில் ஆண் சுரப்புநீருக்கும் பெண் சுரப்புநீருக்கும் உள்ள சமநிலை தவறினால் அது வளரும். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்களில் பாதிப்பேருக்காவது இது ஓரளவு தோன்றுகிறதாம். பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வருஷத்தில் தானே வற்றிவிடும். ஆகையால் மீசை முளைக்கிற பிள்ளையை அவசரப்பட்டுக் கத்திக்குக் கொடுக்க வேண்டியதில்லை. கேலி செய்யாமல் இருந்தாலே போதும். இரண்டு வருஷம் தாண்டியும் நிற்பதுதான் வைத்தியத்துக்கு உரியது.

வெறும் கொழுப்பா, சுரப்பியா என்பதை அறிய ஒரு சுலபமான வழி உண்டு. மல்லாந்து படுத்துக்கொண்டு, இரண்டு விரல்களால் இரு பக்கமிருந்தும் காம்பை நோக்கி மெதுவாக அமுக்க வேண்டும். அடியில் ரப்பர் வட்டுப்போல் ஒன்று தட்டுப்பட்டால் அது சுரப்பி. ஒன்றும் தட்டுப்படாமல் மெத்தென்று இருந்தால் கொழுப்பு. கொழுப்பானால் உடம்பை இளைக்க வைத்துப் பார்க்கலாம். சுரப்பி பட்டினிக்குக் கரையாது. அந்தப் பிள்ளையிடம் சோற்றைக் குறைக்கச் சொன்னது எவ்வளவு பிசகு என்று அன்றுதான் விளங்கியது.

நடுவயதில் புதிதாக வந்தாலோ, காரணம் தேடாமல் விடக்கூடாது. நம் கடைக்குச் சரக்கு இறக்க வரும் லோரிக்காரர் ஒருவருக்கு ஐம்பத்தைந்து வயதில் இப்படி வந்தது. இருதயத்துக்காக அவர் சாப்பிட்ட ஸ்பைரனோலாக்டோன் என்ற நீர் மாத்திரையே காரணம் என்று டாக்டர் கண்டுபிடித்து வேறு மாத்திரை கொடுத்தார். சில மாதத்தில் வலியும் வீக்கமும் குறைந்தன, கத்தி படவே இல்லை. வயிற்றுப் புண்ணுக்கான சிமெடிடீன், முடி கொட்டாமலிருக்கக் கொடுக்கும் பினாஸ்டரைடு, மனநோய் மருந்துகள் சில, உடம்பு முறுக்கேறப் பையன்கள் போட்டுக்கொள்ளும் ஊசிகள் ஆகியவையும் இதைச் செய்யும். ஈரல் சுருக்கம், சிறுநீரகக் கோளாறு, தைராய்டு, விரைக்கட்டி ஆகியவற்றிலும் இது ஓர் அடையாளமாக வருவதுண்டு. ஆனால் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் கல்போன்ற கட்டி, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, இரத்தம் கசிவது, அக்குளில் நெறிகட்டுவது, இவற்றில் ஏதேனும் இருந்தால் அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மார்புப் புற்றுநோய் கண்டவர்களில் நூற்றுக்கு ஒருவர் ஆண்.

"இது அல்லாஹ் படைத்த உருவத்தை மாற்றுவதாகாதா?" என்று கூட்டாளி கேட்டார். நியாயமான கேள்விதான். ஜாஹிலிய்யா காலத்துக் குலாப் யுத்தத்தில் மூக்கை இழந்த அர்பஜா என்ற ஸஹாபி வெள்ளியில் மூக்கு வைத்து, அது நாற்றமெடுத்தபோது, தங்கத்தில் வைத்துக்கொள்ள நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கூறிய ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் வந்துள்ளது. நம் புத்ராஜெயாவிலேயே 2007ஆம் ஆண்டு ஜூலையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு மன்றமும், குறையைச் சரிசெய்யவும், உடம்புக்கோ மனத்துக்கோ துன்பம் தரும் விகாரத்தை நீக்கவும் செய்யும் ரணசிகிச்சை கூடும் என்றும், வெறும் அலங்கார ஆசைக்காகக் கூடாது என்றும் தீர்மானித்தது. சந்தேகமுள்ளவர்கள் தங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

இந்தச் சிகிச்சை நேற்று வந்ததுமல்ல. ஏழாம் நூற்றாண்டில் இஸ்கந்தரியாவில் வைத்தியம் செய்த பவுல் என்ற கிரேக்கர், மார்பின் கீழே பிறைபோலக் கீறிக் கொழுப்பை எடுத்துத் தைக்கும் முறையை எழுதினார். பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அவருடைய நூலை அரபியாக்கினார். குர்துபாவின் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, கி.பி. 1000ஐ ஒட்டி முடித்த தமது முப்பது பாகமுள்ள தஸ்ரீப் கிதாபின் கடைசிப் பாகத்தில், பெண்ணைப்போல் மார்பு பருத்த ஆண்களுக்கென்றே ஒரு தனி அத்தியாயம் வைத்தார். மார்பு தொங்கிவிட்டால் இரண்டு பிறைகளாகக் கீறி, இடையிலுள்ள தோலை நீக்கித் தைக்கச் சொல்கிறார். 1465இல் துருக்கியின் அமாஸ்யாவில் ஷரபுத்தீன் ஸபுன்ஜுஓக்லு இதைப் படம் போட்டே காட்டியிருக்கிறார். நம் முன்னோர் கிதாபில் கூச்சமின்றி எழுதியதை நாம் பிள்ளைகளிடம் வாய்விட்டுப் பேசக் கூசுகிறோம்.

இப்போதைய முறைகளைச் சொல்கிறேன். வந்து சில மாதங்களே ஆகி, வலியும் இருந்தால், டமாக்சிபென் என்ற மாத்திரையால் சிலருக்குக் குறைகிறது. ஒரு வருஷத்துக்கு மேலாகித் தசை நார்பிடித்துவிட்டால் மாத்திரைக்கு அசையாது, கத்திதான் வழி.

கொழுப்பு மட்டுமானால், சிறு துளையிட்டு, மரத்துப்போகும் மருந்தும் இரத்தத்தை அடக்கும் மருந்தும் கலந்த உப்புநீரை உள்ளே செலுத்தி, மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சி எடுப்பார்கள். சுரப்பி வட்டு இருந்தால் அது குழாயில் சரியாக வராது. காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் கீழ் ஓரத்தில் அரைவட்டமாகக் கீறி வெட்டி எடுக்க வேண்டும். 1946ஆம் ஆண்டில் வெப்ஸ்டர் என்ற அமெரிக்க டாக்டர் விவரமாக எழுதிய முறை இது. கருப்பும் தோல் நிறமும் சந்திக்கும் இடத்தில் வடு மறைந்துவிடும். காம்பின் அடியில் கொஞ்சம் தசையை விட்டுவைப்பது கைத்திறமையைப் பொறுத்தது. முழுவதும் சுரண்டிவிட்டால் சாஸர்போலக் குழி விழும். அநேகருக்குக் கொழுப்பும் சுரப்பியும் கலந்தே இருப்பதால் இரண்டு முறையையும் ஒன்றாகச் செய்கிறார்கள்.

தோலே தொங்கும் அளவுக்குப் பெரிதானால், அல்லது நிறைய இளைத்தவரானால், தோலையும் வெட்டிக் காம்பை இடம் மாற்றி வைக்க வேண்டியிருக்கும். வடு நீளமாகவே தெரியும். இருபது வயதுத் தோல் தானே சுருங்கும், ஐம்பது வயதுத் தோல் அவ்வளவாகச் சுருங்காது.

ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். உள்ளே இரத்தம் கட்டுவது, நீர் கோப்பது, காம்பு மரத்துப்போவது, இரு பக்கமும் சமமில்லாமல் போவது ஆகியவை நேரலாம். சில வாரம் இறுக்கமான உள்சட்டை போட வேண்டும். ஏறக்குறைய ஒரு மாதம் அரிசி மூட்டை தூக்கக் கூடாது. நம் கடைப் பிள்ளைகளுக்கு இதுதான் கஷ்டமான பத்தியம். வெட்டிய தசையைச் சோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே போவது என்பதிலும் கவனம் வேண்டும். 2020 அக்டோபரில் செராஸில் ஓர் அழகு நிலையத்தில் கொழுப்பு உறிஞ்சிக்கொள்ளப் போன இளம்பெண் ஒருவர் மௌத்தானார். விலை மலிவு என்று அப்படிப்பட்ட இடங்களில் மார்பைக் கொடுப்பது பைத்தியக்காரத்தனம். தேசிய நிபுணர் பதிவேட்டில் டாக்டரின் பெயர் இருக்கிறதா என்று கைப்பேசியிலேயே பார்க்கலாம். முதலில் அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போனால் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். அங்கே பரிசோதித்து, இரத்தம் எடுத்துப் பார்த்துக் கடிதம் தருவார்கள். அவசர நோயல்லாததால் பெரிய ஆஸ்பத்திரியில் தேதி கிடைக்க நாளாகும்.

கூட்டாளியின் மகன் அப்படித்தான் போனான். இரத்தத்தில் கோளாறு ஒன்றுமில்லை, ஆறு வருஷத்துச் சுரப்பி, கீறித்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். தேதிக்குக் காத்திருக்கிறான். தகப்பனார் உம்ரா டிக்கட்டைத் தள்ளிப்போட்டுவிட்டார், அவனையும் சேர்த்து அழைத்துப் போக.