தாவரவியல் இடத்தை வேண்டாம் என்று சொல்லும் முன்



பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்து கல்லூரிச் சேர்க்கை தொடங்கும் நாட்களில், கல்வி உதவி கேட்டு வரும் குடும்பங்களிடம் ஆண்டுதோறும் ஒன்றைப் பார்க்கிறோம். பிள்ளைக்கு பி.எஸ்சி. தாவரவியலில் இடம் கிடைத்திருக்கும். பிள்ளைக்கு ஆசையும் இருக்கும். "செடி கொடியைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டு வீட்டில் வேறு பாடத்துக்கு மாற்றிவிடுவார்கள். பெண்பிள்ளை என்றால், காட்டுக்கெல்லாம் கூட்டிப் போவார்களாமே என்ற தயக்கமும் சேர்ந்துகொள்ளும். இவை போக, தணிந்த குரலில் வரும் மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு: "அதில் பரிணாமம் என்று ஒரு பாடம் இருக்கிறதாமே, ஈமானுக்குக் கேடில்லையா?"

மூன்றுமே கேட்க வேண்டிய கேள்விகள்தாம். பதிலுக்குப் போகுமுன், அந்தப் படிப்பில் என்னதான் இருக்கிறது என்பதை நம் ஊரை வைத்தே பார்த்துவிடுவோம்.

சீசன் நேரத்தில் குற்றாலம் பழக்கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்திருக்கும். இவை நம் மலையில் தாமாக முளைத்தவை அல்ல. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தவை. ஜாதிக்காயும் கிராம்பும் இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளைச் சேர்ந்தவை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டபோது இவற்றைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தது. மழையும் மண்ணும் ஒத்துப்போனதால் ஊன்றிக்கொண்டன.

ஜாதிக்காய் மரத்தில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதை போட்டு வளர்த்தவர், பூக்கும் வரை பல ஆண்டுகள் காத்திருந்தால்தான் எது எதுவென்று தெரியும். மங்குஸ்தான் இதற்கு நேர்மாறு. அதற்கு மகரந்தச் சேர்க்கையே தேவையில்லை. விதையிலிருந்து வரும் கன்று தாய் மரத்தின் நகல் போலவே இருக்கும். ஜாதிக்காயில் ஒவ்வொரு கன்றும் இரண்டு மரங்களின் கலப்பு என்பதால் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. நோயோ வறட்சியோ வந்தால் எந்த இனத்தில் சில மரங்களாவது தாக்குப்பிடிக்கும்? பல்லுயிர் வளம் பற்றிய பாடம் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

நம் வீட்டுப் பிரியாணியில் போடும் ஜாதிபத்திரி, ஜாதிக்காய் விதையைச் சுற்றியிருக்கும் சிவப்பு உறை. காட்டில் அது பறவைக்கான கூலி. இருவாச்சி போன்ற பெரிய பறவைகள் அந்த நிறத்தைக் கண்டு வந்து விழுங்கி, விதையை வேறோர் இடத்தில் போட்டுவிடும். பறவை இல்லாத காட்டில் விதைகள் தாய் மரத்தின் நிழலிலேயே கிடந்து வீணாகும். மரத்தைத் தனியாகப் பார்க்காமல் அதை மழையோடும் பறவையோடும் மண்ணோடும் சேர்த்துப் பார்ப்பதுதான் சூழலியல். நம் மலைச் சோலைகள் மழையைப் பிடித்து வைத்து மெல்ல விடுவதால்தான், சாரல் நின்ற பிறகும் சிற்றாற்றில் தண்ணீர் வருகிறது. அந்தத் தண்ணீரை நம்பி வயல் வைத்திருப்பவர்களுக்கு இது வெறும் ஏட்டுப் பாடம் அல்ல.

இனி பரிணாமத்துக்கு வருவோம். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாக மலையைக் கடந்தால் குளத்துப்புழைப் பகுதியில் சதுப்புக் காடுகள் இருக்கின்றன. ஜாதிக்காய்க்கு உறவான காட்டு மரங்கள் அங்கே சேற்றில் நிற்கின்றன. மூச்சுவிடுவதற்காக அவற்றின் வேர்கள் முழங்காலை மடக்கியதுபோல் வளைந்து வெளியே வருகின்றன. இவை யாரும் கொண்டுவந்து நட்டவை அல்ல. அதுபோல, கேரள மீன் குழம்பில் போடும் குடம்புளி மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாக வளரும் மரம். அதுவும் கடல் கடந்து வந்த மங்குஸ்தானும் கார்சினியா என்ற ஒரே பேரினம். கடலுக்கு இருபுறமும் இந்த உறவு எப்படி வந்தது? பூ, விதை, மரபணு, புதைபடிவம் எல்லாவற்றையும் ஒப்பிட்டு இதற்கு விடை தேடுவதே பரிணாமப் பாடம்.

அதற்கான சான்று ஒன்று நம் வாசலிலேயே இருக்கிறது. நாம் ரயிலில் கொல்லம் போகும் வழியான செங்கோட்டைக் கணவாய், உயர்ந்த மலைத்தொடரில் ஒரு தாழ்ந்த இடைவெளி. குளிர்ந்த உச்சிச் சோலைகளில் மட்டும் வாழும் உயிர்கள் அதைக் கடப்பதில்லை. இருபுறமும் பிரிந்து, தலைமுறை தலைமுறையாகத் தனித்தே இனப்பெருக்கம் செய்தால் மெல்ல வேறுபட்டுப் போகின்றன. கணவாய்க்குத் தெற்கே வாழும் நீல நிறச் சிறு பறவை ஒன்றை, மரபணுவையும் பாட்டையும் உருவத்தையும் ஒப்பிட்டு, அசம்பு சோலைக்கிளி என்று தனி இனமாக 2017இல் அறிவித்தார்கள். செந்துருணி சரணாலயத்துக்குப் பெயர் தந்த செங்குறிஞ்சி மரமும் உலகில் நம் தெற்கு மலைகளில் மட்டுமே உள்ளது. குற்றாலத்தின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய நாவல் இன மரம் ஒன்றும் உண்டு: சிசீஜியம் கோர்ட்டாலென்ஸ்.

பல்கலைக்கழகத் தாவரவியலில் பரிணாமம், கிழித்துவிட்டுப் படிக்கக்கூடிய ஓர் அத்தியாயம் அல்ல. வகைப்பாடு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. ஆகவே பிள்ளை அதை ஒழுங்காகவே கற்க வேண்டும், சான்றுகளோடு கற்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. மனிதப் படைப்பு பற்றிக் கேள்வி எழுந்தால், அதை மனதில் பூட்டி வைக்காமல் கற்றறிந்த ஆலிம்களிடம் கேட்கட்டும். முஸ்லிம் அறிஞர்கள் இது குறித்து விரிவாக விவாதித்தே வந்திருக்கிறார்கள். கேட்கிற பிள்ளையை அதட்டாதீர்கள். செடிகளை ஆராய்வது நமக்குப் புதிதும் அல்ல. 9ஆம் நூற்றாண்டில் அபூ ஹனீஃபா அத்தீனவரீ தாவரங்களுக்கென்றே பெருநூல் எழுதினார். ஸ்பெயினின் மாலகாவில் பிறந்து 1248இல் டமாஸ்கஸில் மறைந்த இப்னுல் பைத்தார், ஊர் ஊராகச் சென்று செடிகளை நேரில் பார்த்து, ஏறக்குறைய 1,400 மருந்துப் பொருள்களைத் தொகுத்தார். மதரஸாவில் இவர்களின் பெயரைக் கேட்டிருப்போம். அவர்கள் செய்த வேலையைச் செய்யத்தான் நம் பிள்ளை இடம் கேட்கிறது.

காட்டுக்குப் போவது பற்றி. களப்பயணம் இல்லாமல் இந்தப் படிப்பு இல்லை. 1830களில் ராபர்ட் வைட் என்ற கம்பெனி மருத்துவர் குற்றாலத்தில் செடி சேகரித்தார். அவருக்காக நூற்றுக்கணக்கான செடிகளை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் பாதிரியார் மாணிக்கமும் இருதயராஜும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரணிகளைத் தேடித் தொகுத்து 1992இல் நூலாக்கினார்கள். பெண்கள் இதில் இல்லை என்று எண்ண வேண்டாம். தலச்சேரியில் 1897இல் பிறந்த ஜானகி அம்மாள், சென்னையில் கல்லூரி ஆசிரியராக இருந்து, கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, 1945இல் பயிர்களின் குரோமோசோம் அட்டவணை நூலை டார்லிங்டனுடன் சேர்ந்து வெளியிட்டார். கல்லூரிப் பயணத்தில் யார் உடன் வருகிறார்கள், எங்கே தங்குகிறார்கள், எப்போது திரும்புகிறார்கள் என்று துறைத்தலைவரிடம் கேளுங்கள். அது உங்கள் உரிமை. பதில் திருப்தியாக இருந்தால் அனுப்புங்கள்.

வேலை விஷயத்தில் மிகைப்படுத்த விரும்பவில்லை. பி.எஸ்சி. மட்டும் வைத்துக்கொண்டு உடனே நல்ல வேலை கிடைப்பது கடினம். எம்.எஸ்சி., பி.எட். வரை போகும் பொறுமை வேண்டும். அதன்பின் வழிகள் பல: பள்ளி, கல்லூரி ஆசிரியர் பணி, தாவரவியல் பட்டதாரிகள் எழுதத் தகுதியுள்ள இந்திய வனப் பணித் தேர்வு, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் கோவை மையம் போன்ற நிறுவனங்கள், மூலிகை மருந்து நிறுவனங்கள். சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் தேர்வில் உயிர் அறிவியலுக்கு 13 அலகுகள். அவற்றில் உயிரினப் பன்மை, சூழலியல், பரிணாமம் மூன்றும் உண்டு. அதில் இளநிலை ஆய்வாளராகத் தேர்வானவருக்கு 2023 முதல் மாதம் ரூ.37,000 உதவித்தொகை. நீட் எழுதி இடம் கிடைக்காத பிள்ளைகள், கஷ்டப்பட்டுப் படித்த உயிரியலை அப்படியே விட்டுவிட்டுப் போவதைப் பார்க்கும்போது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது.

அருகில் குற்றாலம் பராசக்தி மகளிர் கல்லூரி, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி ஆகியவற்றில் விசாரிக்கலாம். சுற்றுச்சூழல் அறிவியலுக்கு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் மையம் ஆழ்வார்குறிச்சியில் இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்பிள்ளைகள் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 பெறலாம், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம். கல்லூரி மூலமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

களப்பயணக் கட்டணம், காலணி, மழைக்கோட்டு, கைலென்ஸ் ஆகியவற்றுக்கான செலவையும் கல்வி உதவி விண்ணப்பத்தில் இனிமேல் எழுதலாம். சேர்க்கைச் சீட்டின் நகலோடு, வெள்ளி தவிர மற்ற நாட்களில் அஸருக்குப் பின் அலுவலகத்துக்குப் பிள்ளையையும் அழைத்து வாருங்கள். என்ன படிக்க ஆசை என்று பிள்ளையிடமே கேட்டுக்கொள்கிறோம், இன்ஷா அல்லாஹ்.